என் மகளின் முன்னோர் மேஃபிளவரில் வந்தவர்களா?

கேள்வி: நான் மதுரைப் பக்கம் பிறந்தவள். பதினான்கு வருடமாக அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கிறேன். கணவர் அமெரிக்கர். ஆறாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளைப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். 81 வயதான என் மாமியார், அவருடைய அத்தை 1960-களில் எழுதிவைத்த ஒரு நோட்டைக் கொடுத்தார். 1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்ட் என்பவரிலிருந்து என் மகள் பதின்மூன்றாவது தலைமுறை என்று அதில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் இருநூறு பேருக்கு மேல் அதே கொடிவழியைப் போட்டிருக்கிறார்கள். சிலர் அதையும் தாண்டி இங்கிலாந்து அரசர்கள் வரை போகிறார்கள். பிரதிகளை இணைத்துள்ளேன். இது உண்மையா? எப்படிச் சரிபார்ப்பது? தவறு என்று தெரிந்தால் மாமியாரிடம் எப்படிச் சொல்வது? இன்னொன்று: அந்தப் பக்கம் 400 வருடம் நீள, என் பக்கம் தாத்தாவின் அப்பா பெயரோடு நின்றுவிடுகிறது. மகள் மீதி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். அதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு நாள் மேசையில் விரித்துவைத்துப் பார்த்தேன். மேலே உள்ள ஐந்து தலைமுறைகள், அச்சில் வந்திருக்கும் நல்ல நூல்களோடு பொருந்துகின்றன. கீழே உள்ள ஏழு தலைமுறைகளும் ஓஹாயோவில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு ஆவணம் கிடைக்கும். சிக்கல் நடுவில் இருக்கிறது. ஏழாவது தலைமுறையாக ஒருவரைக் குறித்திருக்கிறார்கள்: 1794-ல் கனெக்டிகட்டில் பிறந்து, ஓஹாயோவில் இறந்தவர். அவருக்கு அப்பா என்று போட்டிருப்பவர் 1791-ல் இறந்துவிட்டதாக அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அப்பா போய் மூன்று வருடம் கழித்து மகன் பிறக்க முடியாது. இருநூறு பேர் இதைப் பிரதி எடுத்திருக்கிறார்கள், ஒருவரும் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நம் ஊரில் மனை வாங்கும்போது என்ன செய்வோம்? விற்பவர் நல்லவர், ஊரே அவர் நிலம் என்று சொல்கிறது என்பதற்காகப் பணத்தைக் கொடுத்துவிடுவோமா? மூலப்பத்திரம் கேட்போம். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், அவருக்கு அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பத்திரம் பார்ப்போம். வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். நடுவில் ஒரு கைமாற்றத்துக்குப் பத்திரம் இல்லையென்றால், முதல் பத்திரம் எவ்வளவு பழமையானதாக இருந்தாலும் வக்கீல் ஒப்புக்கொள்ள மாட்டார். கொடிவழியும் அப்படித்தான். இன்னாருக்கு இன்னார் மகன், இன்னாருக்கு இன்னார் மகள் என்ற ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு சான்று வேண்டும். உங்களிடம் பன்னிரண்டு இணைப்புகள் இருக்கின்றன. அதில் பதினொன்று சரியாக இருந்து ஒன்று தவறினாலும் கப்பல் வேறொருவருடையது ஆகிவிடும்.

ஹவ்லண்ட் என்ற பெயர் உங்கள் நோட்டில் வந்தது நல்ல காலம், ஏனென்றால் அவரைப் பற்றி நிறையவே தெரியும். மேஃபிளவரில் 102 பயணிகள் வந்தார்கள். 1620 நவம்பரில், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேப் காட் கரையை அடைந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். ஹவ்லண்ட் வேலைக்காரராக வந்த இளைஞர். நடுக்கடலில் புயலடித்தபோது மேல்தளத்துக்கு வந்து கடலில் விழுந்துவிட்டார். தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்மரக் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். பின்னால் எலிசபெத் டில்லி என்ற பெண்ணை மணந்தார். அவளும் அதே கப்பலில் வந்தவள். அப்பா அம்மா இருவரையும் அந்தக் குளிர்காலத்தில் இழந்தவள். இவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள். பத்தும் வளர்ந்து ஆளாயின. அதனால்தான் இன்று ஹவ்லண்ட் வழி என்று சொல்லிக்கொள்பவர்கள் அவ்வளவு பேர், அதில் உண்மையாகவே அவ்வழி வந்தவர்களும் ஏராளம். உங்கள் மாமியார் சொல்வது நடக்க முடியாத ஒன்று அல்ல.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அங்கே அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராகப் பல ஆண்டுகள் இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட், தன் கையால் எழுதிய வரலாற்றின் கடைசியில் கப்பலில் வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். முப்பது வருடம் கழித்து யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யாருக்கு எத்தனை பிள்ளை என்றும் எழுதினார். ஹவ்லண்டுக்குப் பத்துப் பிள்ளைகள், மூத்த மகளுக்கே நான்கு பிள்ளைகள் என்று அதில் இருக்கிறது. இங்கிலாந்திடமிருந்து விடுதலைக்காக அமெரிக்கர்கள் போரிட்ட புரட்சிக் காலத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதி காணாமல் போய், 1850-களில் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்து, 1897-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்த சில பக்கங்கள் இல்லாவிட்டால் அந்தக் கப்பலில் யார் வந்தார் என்பதே முழுதாகத் தெரிந்திருக்காது.

உங்கள் நோட்டில் இரண்டாம் தலைமுறையாக வரும் டிசையர் தான் அந்த மூத்த மகள். அவள் கணவர் ஜான் கோரம் 1675-76 போரில் படைத்தலைவராக இருந்து இறந்தவர். இந்தப் போரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேஃபிளவர் வழிவந்தோர் சங்கம் 1897-ல் தொடங்கியது, தலைமையகம் பிளிமத்தில். கப்பலில் வந்தவர்களின் முதல் ஐந்து தலைமுறைகளை ஆவணத்தோடு அச்சிட்டிருக்கிறார்கள். வெள்ளி நிற அட்டை போட்டிருப்பதால் எங்கள் கொடிவழி ஆய்வுத் தொழிலில் வெள்ளிப் புத்தகங்கள் என்றே சொல்வோம். இதனால் மேலே உள்ள ஐந்து தலைமுறைக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. 1600-களைத்தான் எல்லாரும் கடினம் என்று நினைக்கிறார்கள். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலிய வடகிழக்கு மாநிலங்கள் சேர்ந்த நியூ இங்கிலாந்தைப் பொறுத்தவரை அது தலைகீழ். 1620-க்கும் 1640-க்கும் இடையில் அங்கே வந்து இறங்கியவர்கள் சுமார் இருபதாயிரம் பேர். சின்ன ஊர்கள், எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள், பிறப்பு இறப்பு திருமணத்தை ஊர்க் கணக்கர் பதிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சட்டம். நூற்றைம்பது வருடமாக ஆய்வாளர்கள் அந்த இருபதாயிரம் பேரையும் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள்.

குடும்பங்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் 1780-க்கும் 1850-க்கும் நடுவில். நிலம் போதாமல் இளைய பிள்ளைகள் மேற்கே கிளம்பிய காலம் அது. பதிவு வைத்த ஊரை விட்டுவிட்டு, பதிவே இல்லாத காட்டுக்குப் போனார்கள். உங்கள் நோட்டின் முடிச்சு அவிழ்ந்திருப்பதும் சரியாக அங்கேதான்.

நீங்கள் வசிக்கும் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு ஓஹாயோ ஒரு காலத்தில் கனெக்டிகட்டின் மேற்கு ஒதுக்கீடு (வெஸ்டர்ன் ரிசர்வ்) என்று அழைக்கப்பட்டது. மேற்கு நிலங்கள் மீதான தன் பழைய உரிமைகளை மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தபோதும் கனெக்டிகட் இந்தத் துண்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 1795-ல் ஒரு நிலக் கம்பெனிக்கு விற்றது. மறு வருடம் அளக்க வந்தவர்களின் தலைவர் மோசஸ் கிளீவ்லண்ட். நகரத்துக்கு அவர் பெயர்தான். ஒதுக்கீட்டின் மேற்குக் கோடியில் 5 லட்சம் ஏக்கர், புரட்சிப் போரில் ஆங்கிலப் படை எரித்த கனெக்டிகட் ஊர்களின் மக்களுக்கு நஷ்டஈடாகப் போனது. நார்வாக், நியூ லண்டன், டேன்பரி என்று அங்கே இன்றைக்கும் இருக்கும் பெயர்கள் எல்லாம் எரிந்த ஊர்களின் பெயர்கள். ஆகவே கனெக்டிகட்டில் பிறந்த ஒருவர் உங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) வந்து இறந்தார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவருடைய அப்பா யார் என்பதில்தான் ஐயம்.

எனவே கப்பலிலிருந்து கீழே இறங்காதீர்கள். உங்கள் மகளிலிருந்து மேலே ஏறுங்கள். மகளின் பிறப்புச் சான்று, கணவரின் பிறப்புச் சான்று, உங்கள் திருமணச் சான்று, மாமியாரின் சான்றுகள். இவை வீட்டு அலமாரியிலேயே இருக்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை 72 வருடம் கழித்துத்தான் பொதுமக்கள் பார்க்கலாம். 1950-ஆம் வருடத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்துவிட்டன. அதில் உங்கள் மாமியார் ஐந்தாறு வயதுச் சிறுமியாகத் தன் அப்பா அம்மாவுக்குக் கீழே ஒரு வரியில் இருப்பார். கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

அங்கிருந்து பத்துப் பத்து வருடமாகப் பின்னோக்கிப் போங்கள். 1890-ஆம் வருடத் தாள்கள் கிடைக்காது. 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1880-ல் வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதியிருக்கும், அப்பா அம்மா பிறந்த மாநிலமும் இருக்கும். 1850, 60, 70-ல் எல்லார் பெயரும் இருக்கும், ஆனால் உறவு இருக்காது. ஒரே வீட்டில் இருக்கும் இருபது வயதுப் பையனை மகன் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. அவன் தம்பி மகனாகவோ கூலிக்கு வந்தவனாகவோ இருக்கலாம். 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் எண்ணிக்கையாக நிற்பார்கள். ஓஹாயோவில் பிறப்பும் இறப்பும் 1867 முதல், உயில் வழக்குகளைப் பார்க்கும் கவுண்டி புரோபேட் நீதிமன்றத்திலும், 1908 கடைசியிலிருந்து மாநில அளவிலும் பதிவாயின. மாமியாரின் தாத்தாவுடைய இறப்புச் சான்று 1908-க்குப் பிந்தையதாக இருந்தால் அதில் அவருடைய அப்பா அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் அந்தத் தகவலைக் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தையும் பாருங்கள். துக்கத்தில் இருக்கும் மருமகள் சொன்ன மாமியாரின் அம்மா பெயர் எத்தனையோ சான்றுகளில் தவறாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஏழாவது தலைமுறை வரை நீங்களே வந்துவிடுவீர்கள். இனி அந்த 1794.

கனெக்டிகட்டில் ஒரு வசதியும் ஒரு குழப்பமும் உண்டு. வசதி: 1850-க்கு முந்தைய ஊர்ப் பதிவுகளை எல்லாம் திரட்டி அகர வரிசைப்படுத்திய பார்பர் தொகுப்பு ஹார்ட்ஃபோர்டில் மாநில நூலகத்தில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. குழப்பம்: அங்கே நிலப் பத்திரங்கள் கவுண்டியில் இல்லை, ஒவ்வொரு ஊரின் டவுன் கிளார்க், அதாவது ஊர்க் கணக்கரிடம் இருக்கின்றன. உயில், பாகப்பிரிவினை எல்லாம் புரோபேட் மாவட்டம் என்ற வேறு ஒரு பிரிவில். ஓஹாயோ பழக்கத்தில் கவுண்டி நீதிமன்றத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறவர்கள் அதிகம்.

முதலில் அந்த 1791 சாவைத் தேடுங்கள். அவர் சொத்து வைத்துவிட்டுப் போயிருந்தால் பங்கு பிரித்த தாள் இருக்கும். அதில் பிள்ளைகள் பெயர் இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் ஆள் இல்லை என்றால் ஒரு கதவு மூடிக்கொண்டது. அடுத்து, 1790 கணக்கெடுப்பில் அதே ஊரில் அந்த அப்பாவின் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் அனுப்பிய பக்கமே காட்டுகிறது. நோட்டு எழுதிய அத்தை இருவரையும் ஒருவராக நினைத்துவிட்டார் என்பது என் ஊகம். இரண்டாமவர் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ ஆக இருந்தால், இருவரும் எந்தத் தலைமுறையில் ஒன்று சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஹவ்லண்ட் வழி அப்படியே நிலைக்கவும் கூடும், முற்றிலும் போய்விடவும் கூடும்.

இதைத் தீர்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி நிலப் பத்திரம். கனெக்டிகட்டில் அப்பா இறந்ததும், ஓஹாயோவுக்குப் போய்விட்ட பிள்ளை தன் பங்கை அங்கேயே இருக்கும் அண்ணனுக்கு விற்பான். அந்தப் பத்திரம் கனெக்டிகட் ஊரில் பதிவாகும், ஆனால் எழுதிக் கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் 'தற்சமயம் ஓஹாயோ மாநிலம் டிரம்புல் கவுண்டியில் வசிப்பவர்' என்பதுபோல இருக்கும், 'என் தகப்பனார் இன்னார் விட்டுச் சென்ற நிலத்தில் எனக்குரிய பாகம்' என்றும் இருக்கும். ஒரே தாளில் இரண்டு மாநிலமும் இரண்டு தலைமுறையும் சேர்ந்துவிடும். மேற்கு ஒதுக்கீடு முழுவதும் 1800-ல் ஒரே டிரம்புல் கவுண்டியாகத்தான் தொடங்கியது என்பதால் பழைய பதிவுகளுக்கு வாரன் நகரத்தையும் பாருங்கள். கிளீவ்லண்டில் வெஸ்டர்ன் ரிசர்வ் வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு நூலகம் உங்களுக்குக் கூப்பிடு தூரம்.

இன்னொரு புதையல், புரட்சிப் போர்ப் பென்ஷன் கோப்புகள். 1832 சட்டப்படி முதிய சிப்பாய்களும், 1836 சட்டப்படி அவர்களின் விதவைகளும் பென்ஷன் கேட்டார்கள். விதவைகள் தங்களுக்குக் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாத பல கிழவிகள் வீட்டுப் பைபிளில் கல்யாணமும் பிள்ளைகள் பிறப்பும் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதன்முதலாக ஒரு கோப்பைத் திறந்து, மடிப்பு விழுந்து பழுத்த அந்தத் தாளில் எட்டுப் பிள்ளைகளின் பெயரையும், அதில் மூன்றுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த சாவுத் தேதியையும் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு தாய் தன்னிடம் இருந்த ஒரே சாட்சியைத் தபாலில் போட்டிருக்கிறாள். அந்த இரண்டு பெயர்க்காரர்களில் யாருக்காவது இப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இந்தத் தேடல் எவ்வளவு நீளும் என்று கேட்பீர்கள். ஆபிரகாம் லிங்கனுக்கே தன் கொடிவழி தெரியாது. 1859-ல் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில், தாத்தா வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு வந்தார், அதற்கு முன்னால் குடும்பம் பென்சில்வேனியாவிலிருந்து வந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார். நியூ இங்கிலாந்தில் இருக்கும் லிங்கன்களோடு இணைத்துப் பார்க்க முயன்றதில், ஈனாக், லெவி, மோர்தெகாய் போன்ற பெயர்கள் இரண்டு பக்கமும் வருகின்றன என்பதைத் தவிர உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதினார். அவர் இறந்த பிறகு ஆய்வாளர்கள் கட்டிய சங்கிலி இது: இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள ஹிங்கம் ஊரிலிருந்து 1637-ல் மாசசூசெட்ஸுக்கு வந்து, அங்கே அதே பெயரில் எழுந்த ஹிங்கமில் குடியேறிய நெசவுக்காரர் சாமுவேல் லிங்கன், அவர் மகன் மோர்தெகாய், நியூ ஜெர்சிக்கும் பின் பென்சில்வேனியாவுக்கும் போன இன்னொரு மோர்தெகாய், 1768-ல் வர்ஜீனியாவுக்குப் போன ஜான், கென்டக்கியில் 1786-ல் கொல்லப்பட்ட தாத்தா ஆபிரகாம், அப்பா தாமஸ். லிங்கனின் ஊகம் சரி. ஆனாலும் அத்தாட்சி கையில் இல்லாததால் அவர் அதை உரிமை கொண்டாடவில்லை. உங்கள் மகளின் கட்டுரைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தோன்றவில்லை. 'இதுவரை தெரியும், இதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் சொல்லப்படுவது இது' என்று அவள் எழுதலாம்.

பழைய தாள்களைப் படிக்கும்போது சில இடங்களில் கால் இடறும். 1752 வரை ஆங்கிலேயருக்குப் புது வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. அதனால் பிப்ரவரித் தேதிகளை 1689/90 என்று இரட்டையாக எழுதுவார்கள். இது தெரியாமல், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது என்று ஒரு நல்ல பெண்ணைப் பழித்துவிடுகிறார்கள். சீனியர், ஜூனியர் என்பது அப்பா மகன் என்று பொருள்படாது. ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் சீனியர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் சீனியர் ஆகிவிடுவார். உறவுச் சொற்கள் இன்னும் சங்கடம். நமக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை மகன், சித்தி மகன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் உண்டு. அந்தக் கால ஆங்கிலத்தில் கசின் என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், சன்-இன்-லா என்றால் மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் உண்டு. பெயரன் என்பதுதான் நம் பேரன் என்பதால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

அரசர்கள் வரை போகும் பகுதியை இப்போதைக்கு அழித்துவிடுங்கள். ஆரம்பக் குடியேறிகளில் அரச வழி ஆவணத்தால் உறுதியானவர்கள் மிகச் சிலர். நூறு வருடத்துக்கு முன்னால் குஸ்தாவ் ஆஞ்சூ என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய்க் கொடிவழிகள் தயாரித்து விற்றார். அவை நூலகங்களில் சேர்ந்து, அங்கிருந்து இணையத்துக்கும் வந்துவிட்டன. குடும்பப் பெயரைச் சொன்னால் குலச் சின்னம் வரைந்து தருகிறோம் என்பவர்களிடமும் போக வேண்டாம். ஆங்கில மரபில் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது, ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லாருக்கும் அல்ல.

டிஎன்ஏ பரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். பன்னிரண்டு தலைமுறை மேலே போனால் உங்கள் மகளுக்கு 4,096 முன்னோர் இடங்கள். அவர்களில் பெரும்பாலோரிடமிருந்து ஒரு துண்டுகூட அவள் உடம்பில் இருக்காது. ஹவ்லண்டை எச்சிலில் தேட முடியாது. ஆனால் 1794-க்காரரின் அப்பா யார் என்ற கேள்விக்கு, அந்த இரண்டு பெயர்க்காரர்களின் வேறு பிள்ளைகள் வழி வந்தவர்களோடு உங்கள் மாமியாரின் முடிவுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது ஒரு துணைச் சாட்சியாகலாம். செய்வதாக இருந்தால் மாமியாருக்கு, அவர் முழுச் சம்மதத்தோடு மட்டும். குழந்தைக்கு வேண்டாம். அது அவள் வளர்ந்து தானே முடிவு செய்ய வேண்டியது.

இனி அந்தப் போர். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் இறங்கிய இடம் வெற்று நிலம் அல்ல. அது வாம்பனோவாக் மக்களின் நாடு. முதல் வருடங்களில் அவர்கள் தலைவர் மாசசாயிட் பிளிமத்தோடு உடன்படிக்கை செய்து, வந்தவர்கள் பிழைக்க உதவினார். ஐம்பத்தைந்து வருடத்தில் அவர் மகன் மெட்டாகோமெட் தலைமையில் போர் மூண்டது. ஆங்கிலேயர் அவரைக் கிங் பிலிப் என்றார்கள். பிடிபட்ட பூர்வகுடிகள் பலர் அடிமைகளாகக் கப்பலேற்றி விற்கப்பட்டார்கள். டிசையரின் கணவர் சண்டையிட்ட போர் அதுதான். கனெக்டிகட் உயில்களைப் படிக்கும்போது மாடு, கட்டில், செம்புப் பானை வரிசையில் ஒரு மனிதரின் பெயரும் அவருக்கு ஒரு விலையும் எழுதியிருப்பதைக் காண நேரலாம். அந்த மாநிலத்தில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1848-ல்தான். அப்படி வந்தால் அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள். அந்த மனிதரின் வாரிசுகள் எங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரி மட்டுமே கிடைக்கக்கூடிய ஆவணமாக இருக்கலாம். ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். மெதுவாகச் சொன்னால் குழந்தைகளுக்குப் புரியும்.

மாமியாரிடம் தவறு என்று சொல்லாதீர்கள். இன்னும் தவறு என்று தெரியவுமில்லை. 'அத்தை இந்தத் தேதியை எங்கிருந்து எடுத்தார்?' என்று கேளுங்கள். நோட்டை எழுதியவர் 1960-களில் இணையம் இல்லாமல், கல்லறைக் கற்களைத் தேய்த்துப் படித்து, தபாலில் விசாரித்துச் சேர்த்தவர். அவர் வேலைக்கு மரியாதை உண்டு. அவர் யார் யாருக்குக் கடிதம் போட்டார், பதில்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, பைபிள் ஒன்று இருந்ததா, அது எந்தச் சித்தப்பா வீட்டுக்குப் போனது என்று கேட்கும்போது மாமியார் உங்களோடு சேர்ந்து தேட ஆரம்பித்துவிடுவார். 81 வயதில் அவருக்குத் தெரிந்ததை இப்போதே குரல்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆவணக் காப்பகங்கள் காத்திருக்கும்.

கடைசியாக, காலியாக இருக்கும் அந்தப் பக்கம்.

சகோதரி, அந்தப் பக்கத்துக்கு 400 வருடம் தெரிவது அவர்கள் பெரியவர்கள் என்பதால் அல்ல, ஊர்க் கணக்கர் எழுதிவைத்தார் என்பதால். நம்மிடமும் எழுதியவர்கள் உண்டு. மாமியார் பக்கத்தில் குடும்பப் பெயர் 400 வருடம் மாறாமல் வருவதால்தான் ஒரே பெயர்க்காரர் இருவரை ஒருவராக்கும் தவறுகள் நடக்கின்றன. நம் இனிஷியலோ ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பா யார் என்பதைத் தாங்கியே வருகிறது. உங்கள் பிறந்த வீட்டில் பழைய கிரயப் பத்திரம், பாகப்பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள்: 'இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்றுதான் தொடங்கும். ஒரு பத்திரத்தில் இரண்டு தலைமுறை, அதன் மூலப்பத்திரத்தில் இன்னும் இரண்டு. வீட்டில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். குலதெய்வம் கோயிலில் வரி கொடுக்கும் பங்காளிகள் யார் யார் என்று கேட்டால், உங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தா பாட்டி பெயர் அச்சிட்டிருக்கும். அம்மா வழியையும் விட்டுவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவருக்காவது நிச்சயம் நினைவிருக்கும்.

மகள் கட்டுரை கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரை வீட்டுக்கு அழைத்து, 1950 கணக்கெடுப்பில் அவர் பெயர் இருக்கும் தாளை மகள் கையால் தேடி எடுக்கச் செய்யுங்கள். அன்று இரவே, மதுரையில் விடிந்ததும், உங்கள் அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு அவருடைய அம்மாவைப் பெற்றவள் பெயரைக் கேளுங்கள். மகள் எழுதிக்கொள்ளட்டும்.